விண்ணப்பத்தில் இரண்டாவது மொழி

என் தம்பி மகள் பொன்மணிக்குப் பெங்களூரில் சமயவியல் முதுகலை படிக்க இடம் கிடைத்தது. அந்தச் செய்தியை ஆலயத்தில் வாசித்தவன் நான்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் திருச்சபைக் கமிட்டிக்குப் பதினாறு வருடங்களாக நான் செயலாளர். ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் நின்றபோது பலர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். எங்கள் குடும்பத்தில் ஒரு பெண் வேதம் படிக்கப் போகிறாள் என்பதில் எனக்குப் பெருமை இருந்தது. அதை நான் மறைக்கவில்லை.

சேருவதற்கு எங்கள் அறக்கட்டளையின் பரிந்துரை வேண்டும். மறுநாள் காலை அவள் அதற்கான விண்ணப்பத்தைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். படிப்புக்கு இரண்டு மொழிகள் எடுக்க வேண்டும். ஒன்று வேதத்தின் மூலமொழி, இன்னொன்று ஆராய்ச்சிக்கான மொழி. எங்கள் பக்கத்திலிருந்து போன ஏழெட்டுப் பேரும் கிரேக்கம், எபிரேயம் என்று எழுதிவிட்டுப் போனவர்கள். பொன்மணி முதல் கட்டத்தில் கிரேக்கம் என்று எழுதியிருந்தாள். இரண்டாவது கட்டத்தில் தெலுங்கு என்று எழுதியிருந்தாள்.

நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தேன்.

"இது என்னம்மா?"

"ஆராய்ச்சி மொழி பெரியப்பா."

"அது தெரியுது. தெலுங்கு எதுக்கு?"

"எழவு வீட்டுலயும் கோயில் கொடையிலயும் பொம்பளைக பாடுற பாட்டு இருக்குல்ல, அதத்தான் ஆராயப் போறேன். சாமிய ஏசிப் பாடுறாங்க, கொஞ்சிப் பாடுறாங்க. ஒரு வரிகூட யாரும் எழுதி வைக்கல."

"எந்தப் பொம்பளைக?"

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "ஒங்களுக்குத் தெரியும் பெரியப்பா."

எனக்குத் தெரியும். இதை ஒரு முறை எழுதிவிடுகிறேன், மறுபடி எழுத மாட்டேன்.

நான் பிறந்தது ராஜபாளையத்தில். எங்கள் வீட்டில் தெலுங்கு பேசினோம். ராஜபாளையத்தில் பெரிய வீடுகளிலும் தெலுங்குதான் பேசுவார்கள். அவர்கள் கடைவீதியில் சத்தம் போட்டுப் பேசலாம், அதற்கு ஒரு மதிப்பு உண்டு. எங்கள் தெலுங்கு வேறு. நாலு வார்த்தை காதில் விழுந்தால் போதும், இவன் எந்தத் தெரு, இவன் அப்பன் கையில் என்ன பிடித்தான் என்று ஊருக்கே தெரிந்துவிடும். நாலாம் வகுப்பில் என்னைப் பாடம் வாசிக்க எழுப்பிய வாத்தியார், நான் பக்கத்துப் பையனிடம் ஒரு வார்த்தை கேட்டதைக் கேட்டுவிட்டுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு விளக்குமாற்றைக் கையில் கொடுத்தார். வகுப்பு முழுவதும் சிரித்தது. நான் கூட்டினேன். அந்த வருடமே மிஷன் விடுதியில் சேர்ந்து திருநெல்வேலிப் பக்கம் போனேன். அங்கே ஞானதுரை என்று பெயர் வாங்கினேன். அதற்குப் பிறகு இந்த அறுபது வருடத்தில் அந்த மொழியில் ஒரு சொல் என் வாயிலிருந்து வந்ததில்லை.

சிவகாசியில் அச்சகத்தில் வேலை கிடைத்தபோது, வீட்டை ஸ்ரீவில்லிபுத்தூரில் எடுத்தேன். ராஜபாளையம் அரை மணி நேரப் பயணம்தான், ஆனால் அந்தத் தெருப் பக்கம் திரும்பவில்லை. எங்கள் ஊர்களில் புதியவனைப் பார்த்தால், "நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்பார்கள். அவர்கள் திசையைக் கேட்கவில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். நான் முதுகை நிமிர்த்தி, "திருநெல்வேலிப் பக்கம்" என்பேன். அவர்கள் எதை நினைத்துக்கொள்ள விரும்பினார்களோ அதை நினைத்துக்கொண்டார்கள். என் வாயால் நான் பொய் சொன்னதில்லை.

என் தம்பி தனுஷ்கோடி அந்தத் தெருவிலேயே இருந்து அந்தத் தெருவிலேயே இறந்தான். அவன் மனைவி அதற்கு முன்பே போய்விட்டாள். குழந்தையை எங்கள் அக்கா பெத்தம்மாள் ஐந்து வயது வரை வளர்த்தாள். நான் போய்க் கூட்டிவந்து, ஞானஸ்நானம் கொடுத்து, பொன்மணி என்று பெயர் வைத்து, என் மகன் பெலிக்ஸுக்குச் சமமாகப் படிக்க வைத்தேன். பெத்தம்மாள் வருடத்துக்கு இரண்டு தடவை பின்வாசல் வழியாக வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போவாள். அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டால், முன்பு எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்த பெண் என்று என் மனைவி பரிபூரணம் சொல்வாள். சொல்லச் சொன்னவன் நான்.

இப்போது பெலிக்ஸுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் வீட்டார் ராஜபாளையத்தில் மூன்று தலைமுறைக் கிறிஸ்தவக் குடும்பம். பெண்ணின் தகப்பனார் சோலைராஜ் பேண்டேஜ் துணி தயாரிக்கும் தொழிற்சாலை வைத்திருக்கிறார். வேதம் படிக்கப் போகும் பிள்ளைகளை அனுப்பும் எங்கள் அறக்கட்டளைக்கும் அவர்தான் தலைவர். பொன்மணியின் விண்ணப்பம் என் கையெழுத்தோடு அவர் கைக்குத்தான் போக வேண்டும்.

"எபிரேயம்னு மாத்திக் கொண்டா" என்றேன்.

"மாத்த மாட்டேன் பெரியப்பா."

"ஏன்?"

"ராத்திரி தூங்க வைக்கையில அத்தை பாடுவாங்க. அந்தச் சத்தம் எனக்கு நெஞ்சுக்குள்ள அப்படியே இருக்கு. அர்த்தம் தெரியாது. எனக்கு அர்த்தம் தெரியணும். அம்புட்டுத்தான்."

"அர்த்தம் நான் சொல்லுதேன். அர்த்தம், விளக்குமாறு."

பரிபூரணம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். பொன்மணி விண்ணப்பத்தை எடுக்கவும் இல்லை, அழவும் இல்லை. "தலைவர்கிட்ட நேரா கேட்டுப் பாருங்க பெரியப்பா. அவிய வேண்டாம்னா பார்த்துக்கிடுவோம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இங்கேதான் நான் ஒரு தவறு செய்தேன். விண்ணப்பத்தை அப்படியே மற்ற தாள்களோடு சேர்த்து நீட்டியிருந்தால் சோலைராஜ் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருப்பார். அவர் ஊரில் தெலுங்கு பெரிய மனிதர்களின் பேச்சு. ஆனால் அந்த வார்த்தையைக் காகிதத்தில் பார்த்தவுடன் எல்லோருக்கும் அந்தத் தெருதான் கண்ணில் தெரியும் என்று நான் நினைத்தேன். எனக்கு அப்படித் தெரிந்ததால்.

அறக்கட்டளைக் கூட்டம் ராஜபாளையத்தில் சோலைராஜின் அலுவலகத்தில் நடந்தது. குருவானவரும், ஓய்வுபெற்ற தாலுகா ஆபீஸ் எழுத்தர் தங்கச்சாமியும் இருந்தார்கள். நான் எழுந்து நின்று பேசினேன். வேதம் படிக்கப் போகிறவளுக்கு எபிரேயம்தான் முறை, தெலுங்கு படித்து அவள் எந்தச் சபைக்கு ஊழியம் செய்யப் போகிறாள், இது பிள்ளையின் வீம்பு, நாம் இடம் கொடுக்கக் கூடாது என்று கால் மணி நேரம் பேசினேன். என் குரல் உயர்ந்துவிட்டது.

சோலைராஜ் புன்னகையோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

"தெலுங்குன்னா என்ன சம்மந்தி? நல்ல பாஷைதான? எங்க ஊர்ல பாதிப் பேரு அதான பேசுதான். நம்ம பிள்ளை படிச்சிட்டு வந்து பெரிய வீட்டுப் பொம்பளைககிட்ட நாலு நல்ல வார்த்தை சொன்னா நமக்குத்தான பெருமை?"

"இல்ல, முறைன்னு ஒண்ணு..."

"முறையெல்லாம் சரி. நீங்க ஏன் இம்புட்டுப் பதட்டப்படுதீய?"

தங்கச்சாமி பேனா மூடியைத் திருகிக்கொண்டே, "பாப்பா சனிக்கிழமை சனிக்கிழமை பாக்டரிக்குப் பின்னால உள்ள தெருவுக்கு வந்து போகுதாம்லா. வாட்ச்மேன் சொன்னான். அங்க யாரு இருக்கா அண்ணாச்சி?" என்றார்.

எனக்கு அது தெரியாது. அவள் சனிக்கிழமைகளில் கிருஷ்ணன்கோவிலில் தோழி வீட்டுக்குப் போவதாகத்தான் சொல்லியிருந்தாள். அறையில் மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். சோலைராஜின் முகத்தில் புன்னகை இருந்தது, ஆனால் கண்ணில் இல்லை. இன்னும் ஐந்து வாரத்தில் அவர் மகள் என் வீட்டுக்கு வர வேண்டியவள்.

"பழைய வேலைக்காரி ஒருத்தி. பெத்தம்மான்னு பேரு. பிள்ளையச் சின்ன வயசுல தூக்கினவ" என்றேன்.

"அப்படியா?" சோலைராஜ் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தார். "அப்போ ரொம்ப நல்லதாப் போச்சே. நேர்காணலுக்குச் சாட்சி ஒருத்தர் வேணும்லா?"

எங்கள் அறக்கட்டளையில் ஒரு பழைய விதி உண்டு. அனுப்பப்படும் பிள்ளையைச் சிறு வயதிலிருந்து அறிந்த ஒருவர் நேரில் வந்து அந்தப் பிள்ளையின் குணத்துக்குச் சாட்சி சொல்ல வேண்டும். அவர் ரத்த உறவாக இருக்கக் கூடாது. வழக்கமாகப் பள்ளி ஆசிரியரோ பக்கத்து வீட்டுக்காரரோ வருவார்கள்.

"அந்த அம்மாவையே கூட்டிட்டு வாங்க" என்றார் சோலைராஜ். "வேலைக்காரம்மான்னா ரத்த உறவு இல்லையே. நாங்களும் ஒரு வார்த்தை பேசிக்கிடுதோம்."

அவர் எதைக் கேட்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. நான் மறுத்திருந்தால் அதுவே பதிலாகியிருக்கும். சரி என்றேன்.

கூட்டம் முடிந்ததும் அங்கிருந்து நடந்தே போனேன். தொழிற்சாலையின் பின்சுவரைத் தாண்டினால் அந்தத் தெரு. சலவை செய்த பேண்டேஜ் துணி மைதானம் முழுக்க நீள நீளமாக வெயிலில் கட்டியிருந்தது. பிள்ளையைக் கூட்டிவரப் போன நாளுக்குப் பிறகு தெரு மாறியிருந்தது, கான்கிரீட் வீடுகள் வந்திருந்தன. பெத்தம்மாளின் வீடு மட்டும் எனக்கு விசாரிக்காமலே தெரிந்தது. வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எழுபத்தேழு வயது. நகராட்சியில் முப்பது வருடம் தெருக் கூட்டியவள். முதுகு வளைந்துவிட்டது.

என்னைப் பார்த்ததும், சிறு வயதில் வீட்டில் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். எங்கள் வீட்டுப் பேச்சில்தான் பேசினாள். உள்ளே வந்து உட்காரச் சொன்னாள். நான் வாசலிலேயே நின்றுகொண்டு தமிழில், "உட்கார நேரமில்ல" என்றேன்.

அவள் சிரித்தாள். பல் ஏழெட்டுதான் இருந்தது. "சரி, தொர பாஷையிலயே பேசுதேன். வழி தப்பி வந்துட்டியாலே? பஸ் ஸ்டாண்டு அந்தப் பக்கம்லா இருக்கு."

"பொன்மணி இங்க வாராளா?"

"வாரா. கேட்டுக் கேட்டு எழுதுதா. ஒரு பாட்டுக்கு நூறு கேள்வி. எனக்கே அர்த்தம் தெரியாததெல்லாம் கேக்கா." முகம் மலர்ந்திருந்தது. "ஒன் மாதிரி இல்லலே அவ. வெறுஞ்சோறு குடுத்தாலும் ரெண்டாந்தரம் வாங்கித் திங்கா."

நான் விஷயத்தைச் சொன்னேன். நேர்காணல், சாட்சி, பெலிக்ஸின் கல்யாணம், சோலைராஜ் யார் என்பது எல்லாவற்றையும் சொன்னேன். அங்கே வந்து அவள் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் சொன்னேன். அவள் கை கீரை ஆய்வதை நிறுத்தவில்லை.

"ஒன் வீட்டுல நான் பாத்திரம் வெளக்குனேன்னு சொல்லணும்."

"ஆமா."

"நமக்குள்ள ஒண்ணும் இல்லன்னு சொல்லணும்."

"ஆமா."

"அம்மா செத்த பொறவு நீ யாரு இடுப்புலலே இருந்த?"

தெருவில் போகிற ஒருவன் நின்று எங்களைப் பார்த்துவிட்டுப் போனான். எனக்கு அங்கிருந்து கிளம்ப வேண்டும் போலிருந்தது.

பெத்தம்மாள் கீரைக்காம்புகளைக் கூட்டி ஒதுக்கினாள். "சொல்லுதேன். இத்தனை வருசம் பின்வாசல்ல நின்னவதான, முன்வாசல்ல வச்சுச் சொன்னா என்ன கொறஞ்சிரப் போகுது? ஆனா ஒண்ணு. புள்ள கேட்ட படிப்ப, அவ கேட்டபடியே நீ குடுத்திரணும். அந்தப் பாஷையோட. குடுப்பியா?"

"குடுப்பேன்."

"சத்தியமா?"

"சொல்லிட்டேன்ல."

அவள் எழுந்து உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். நான் வாங்கவில்லை. அவள் அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, வாசலில் நின்ற முருங்கைக்கு ஊற்றினாள்.

நேர்காணல் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆலயத்தை ஒட்டிய கூடத்தில் ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நடந்தது. பொன்மணியிடம் நான் எதுவும் சொல்லவில்லை. சாட்சிக்கு யாரோ வருகிறார்கள் என்று மட்டும் அவளுக்குத் தெரியும். சொல்லியிருந்தால் அவளும் ஒத்துக்கொண்டிருக்கலாம் என்று பரிபூரணம் பிறகு சொன்னாள். இருக்கலாம். என் வீட்டில் வளர்ந்த பிள்ளையிடம் நான் கெஞ்சுவதில்லை.

முதலில் பொன்மணியிடம் கேள்விகள் கேட்டார்கள். அவள் நன்றாகவே பதில் சொன்னாள். வேதத்திலும் புலம்பல் பாடல்கள் இருக்கின்றன, கடவுளிடம் கோபித்துக்கொண்டு பாடியவை இருக்கின்றன, அவற்றை மூலமொழியில் படித்துவிட்டு நம் ஊர்ப் பெண்கள் பாடுவதோடு வைத்துப் பார்க்க வேண்டும் என்றாள். குருவானவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். சோலைராஜ்கூட, "நல்லாப் பேசுதே பாப்பா" என்றார். அந்த நேரத்தில் எனக்கு அவளைப் பற்றி மறுபடியும் பெருமை வந்தது. நான் கூட்டக் குறிப்பில் விண்ணப்பதாரர் தெளிவாகப் பதிலளித்தார் என்று எழுதினேன்.

பிறகு பெத்தம்மாளைக் கூப்பிட்டார்கள். துவைத்த சேலை கட்டி, தலையை எண்ணெய் வைத்து வாரியிருந்தாள். அவளைப் பார்த்ததும் பொன்மணியின் முகத்தில் வந்த சந்தோஷத்தை எல்லோரும் பார்த்தார்கள். குருவானவர் நாற்காலியைக் காட்டினார். பெத்தம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இருக்கட்டும் சாமி, தரைதான் எனக்குத் தோது" என்று கீழே உட்கார்ந்தாள்.

"ஆத்தா, இவிய வீட்ட ஒங்களுக்கு எம்புட்டு நாளாத் தெரியும்?" என்று சோலைராஜ் கேட்டார்.

"புள்ள பொறந்ததுலருந்து தெரியும் சாமி. பாத்திரம் வெளக்குனேன், புள்ளையத் தூக்குனேன். தங்கமான புள்ள. ஒரு பொய் பேசாது."

"இவிய ஒங்களுக்குச் சொந்தக்காரங்களா?"

பெத்தம்மாள் கையை வாயில் வைத்துச் சிரித்தாள். "சாமிக்கு வேடிக்கை. நான் எங்க, அவிய எங்க."

"பின்ன பாப்பா வாரா வாரம் ஒங்க வீட்டுக்கு எதுக்கு வருது?" என்றார் தங்கச்சாமி. "நீங்க வெளக்குன பாத்திரத்துக்குக் கணக்கு நேராக்க, இப்போ அது வந்து ஒங்க பாத்திரத்த வெளக்கிக் குடுக்கோ?"

சோலைராஜ் சிரித்தார். குருவானவரும் கொஞ்சம் சிரித்தார். நானும் சிரித்தேன்.

பொன்மணி எழுந்துவிட்டாள்.

"இவங்க வேலைக்காரி இல்ல. இவங்க எங்க அத்தை. எங்க அப்பா கூடப் பொறந்தவங்க. பெரியப்பா கூடப் பொறந்தவங்க."

சோலைராஜ் என் பக்கம் திரும்பவே இல்லை. பெத்தம்மாளைத்தான் பார்த்தார். அவர் வியாபாரி. யாரைக் கேட்டால் உண்மை வரும் என்று அவருக்குத் தெரியும்.

"ஆத்தா?"

பெத்தம்மாள் என்னைப் பார்த்தாள். நான் பேனாவைக் கையில் பிடித்தபடி அசையாமல் இருந்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"தாய் தகப்பன் இல்லாத புள்ள சாமி. இடுப்புல வச்சுத் திரிஞ்சவள அத்தைன்னு நெனைச்சுக்கிடுச்சு. பாசம் சாமி, வேற ஒண்ணுமில்ல."

"அத்தை!" என்றாள் பொன்மணி. "ஏன் அத்தை இப்படிச் சொல்லுதீங்க?" பிறகு என்னிடம் திரும்பினாள். அவள் கேட்டது எனக்கு இன்னும் சொல் மாறாமல் ஞாபகம் இருக்கிறது. "பெரியப்பா, நான் ஒங்ககிட்ட இதுவரைக்கும் ஒண்ணும் கேட்டதில்ல. நீங்க சொல்லுங்க."

இப்போது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அந்த அம்மா சொன்னது சரிதான்" என்றேன். "பிள்ளைக்குச் சின்ன வயசுலருந்தே இப்படி ஒரு கற்பனை உண்டு. வளர வளரச் சரியாயிரும்னு விட்டுட்டோம்."

இரண்டாவது வாக்கியம் தேவையில்லை. ஆனால் அது இல்லாமல் முதல் வாக்கியம் நிற்காது என்று எனக்குத் தோன்றியது.

சோலைராஜின் தோள்கள் தளர்ந்ததைப் பார்த்தேன். அவர் முகத்தில் உண்மையான நிம்மதி வந்தது. என் கையைத் தட்டிக் கொடுத்தார். ஆனால் பொன்மணி பக்கம் திரும்பியபோது அவர் குரல் மாறியிருந்தது.

"பாப்பா, தெலுங்கு படிக்கதுல எங்களுக்கு ஒரு மறுப்பும் இல்ல. ஆனா வேதம் படிக்கப் போறவ, சபைக்கு முன்னால நின்னு தான் யாரு வீட்டுப் பிள்ளைங்கிறதுலயே பொய் சொன்னா அது என்ன படிப்பு? அந்த அம்மா மறுத்த பொறவும் சாதிக்கியே. ஒங்க பெரியப்பாவ எந்த இடத்துல கொண்டு நிறுத்தப் பார்த்த? யோசிச்சியா?"

குருவானவர் வேதனையோடு, "இந்த வருஷம் வேண்டாம். மனசு தெளியட்டும். ஜெபம் பண்ணுவோம்" என்றார்.

பெத்தம்மாள் பதறி எழுந்தாள். "சாமி, நான் சொன்னதுல புள்ளைக்கு ஏதும் கெடுதலா?" அவள் என்னிடம் வந்து கைகூப்பினாள். "செயலாளரய்யா, நீங்க சொன்னீயளே. புள்ளைக்குக் குடுப்பேன்னு சொன்னீயளே."

"முடிவு கமிட்டி எடுக்கதும்மா. நான் எழுதுதவன்" என்றேன்.

அவள் வாயைத் திறந்தாள். அந்த நிமிடத்தில் அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், என் வீட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் போதும், எல்லாம் முடிந்திருக்கும். அவள் சொல்லவில்லை. சொன்னால் பெலிக்ஸின் கல்யாணமும் போகும், பொன்மணியின் படிப்பும் திரும்பி வராது என்று கணக்குப் பார்த்திருப்பாள். மெதுவாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் தீர்மானத்தை எழுதினேன். "விண்ணப்பதாரரின் உண்மைத்தன்மை ஐயத்துக்கு உரியதாக இருப்பதால் பரிந்துரை மறுக்கப்படுகிறது." விதிப்படி அதை உரக்க வாசித்துக் கையெழுத்திட்டேன். பொன்மணி முழுவதையும் நின்று கேட்டாள். பிறகு குனிந்து பெத்தம்மாளைத் தூக்க அவள் கக்கத்தில் கை கொடுத்தாள். பெத்தம்மாள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். தலைவர் பார்த்துக்கொண்டிருந்தார் அல்லவா, அதனால். சுவரைப் பிடித்து எழுந்து தனியாக பஸ்ஸுக்குப் போனாள்.

அன்று வீட்டில் பரிபூரணம் எனக்குச் சோறு வைத்துவிட்டு, "நம்ம பொண்ணு போனாலும் பரவாயில்ல, பேரு நின்னுட்டு. சந்தோசமாச் சாப்பிடுங்க" என்றாள். நாற்பத்திரண்டு வருடத்தில் அவள் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. நான் சாப்பிட்டேன். பெலிக்ஸுக்கு எல்லாம் தெரியும். அவன் ஒன்றும் கேட்கவில்லை, மண்டபத்துக்குப் பந்தல்காரர் வந்தாரா என்று மட்டும் கேட்டான்.

பொன்மணி எங்களோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். பெங்களூரில் கடைசித் தேதி கடந்துபோனது. கிருஷ்ணன்கோவிலில் கல்லூரி மாணவிகள் தங்கும் ஒரு தனியார் விடுதியில் காப்பாளர் வேலை தேடிக்கொண்டாள். கல்யாணம் முடிந்த மறுநாள் போவதாகப் பரிபூரணத்திடம் சொன்னாளாம். போகட்டும் என்றேன். கல்யாண அழைப்பிதழில் தங்களை அன்புடன் அழைப்பவர்கள் என்ற இடத்தில் அவள் பெயரை நான் எடுக்கவில்லை. அந்த அளவுக்கு எனக்கு நியாயம் உண்டு.

நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. நேர்காணலைப் பற்றிச் சோலைராஜ் தன் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள் இரக்கம் உள்ளவர். அவ்வளவு விசுவாசமான பழைய ஆள் கல்யாணத்துக்கு வராமல் இருக்கலாமா, பக்கத்தில்தானே இருக்கிறாள் என்று அவரே ஆள் விட்டு பெத்தம்மாளை வரச் சொல்லிவிட்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை.

கல்யாணம் ராஜபாளையத்தில் சிறப்பாக நடந்தது. ஆலயத்திலிருந்து மண்டபத்துக்கு வந்து, ஆயிரம் பேருக்கு மேல் சாப்பிட்டார்கள். மேடையில் நான் பட்டுச் சால்வையோடு நின்றேன். ஊரில் யார் யார் பெரியவர்களோ அத்தனை பேரும் வந்து என் கையைப் பிடித்தார்கள். ஒருவர்கூட நீங்கள் எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை. அந்தக் கேள்வி இனி என் பேரப்பிள்ளைகளுக்கும் கிடையாது. இதற்காகத்தான் நான் இத்தனை வருடம் நிமிர்ந்து நின்றேன்.

பந்தி கடைசிச் சுற்றுக்கு வந்தபோது, சோலைராஜ் சமையல் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறதா பார்ப்போம் என்று என்னைக் கூட்டிக்கொண்டு மண்டபத்தின் பின்பக்கம் போனார். குழாயடியில் பெரிய பெரிய அண்டாக்கள் கிடந்தன. சமையல்காரரின் ஆட்கள் இரண்டு பேர் நின்றுகொண்டிருக்க, பெத்தம்மாள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சாம்பார் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளைத் தேய்க்கச் சொல்லவில்லை. முன்பக்கம் போய் உட்கார்ந்து சாப்பிடச் சொன்னதற்கு, எனக்கு இதுதான் பழக்கம் என்றாளாம்.

அவளுக்குப் பக்கத்தில், மாப்பிள்ளை வீட்டுப் பட்டுச்சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, பொன்மணி உட்கார்ந்து இன்னொரு அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டுப் பேச்சில். பொன்மணி தட்டுத் தடுமாறிப் பேசினாள், பெத்தம்மாள் இடையிடையே திருத்தினாள். சத்தமாகவே பேசினார்கள். அண்டா விளக்கும் இடத்தில் அந்தப் பேச்சு கேட்டால் யார் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள்?

பெத்தம்மாள் கேட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது. "தம்பி சாப்பிட்டானாடி? காலையிலருந்து நின்னுக்கிட்டே இருக்கான். பசிச்சா அவனுக்கு வயித்து வலி வந்துரும், சின்னப் பிள்ளையிலருந்தே அப்படி. போய்ச் சொல்லு."

பொன்மணி நிமிர்ந்தாள். கதவுப் பக்கம் நின்ற என்னைப் பார்த்தாள். கண்ணை எடுக்காமலே, நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக அந்த மொழியில் பதில் சொன்னாள்.

"அவருக்கு நம்ம பேச்சு புரியாது அத்தை."

இத்தனை நாளில் அவள் வாக்கியத்தில் பிழையே இல்லாமல் வந்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும். பெத்தம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. சாம்பலை எடுத்து அண்டாவின் விளிம்பைத் தேய்த்தாள்.

சோலைராஜ் சிரித்துக்கொண்டே என் தோளில் கை போட்டார்.

"பாருங்க சம்மந்தி, கடைசில பாப்பா படிச்சே போட்டுது. இந்தத் தெருத் தெலுங்கு எனக்கே பாதிதான் புரியும். என்ன சொல்லுதாக?"

"எனக்குத் தெரியாது" என்றேன். "எனக்கு அந்தப் பாஷை தெரியாது."

அவர் என்னை முன்பக்கம் அழைத்துப் போனார். என் இடத்தில் இலை போட்டிருந்தார்கள். உட்கார்ந்தேன்.